காலநிலை மாநாட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்பில் இருக்கிறது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டில் பேசிய காணொளியை ஒருநாள் வகுப்பில் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து பெற்றோர் கூட்டத்தில், கணக்கில் ஏன் மார்க் குறைந்தது என்ற கேள்விக்கு அடுத்தபடியாக வருவது இதுதான்: "டீச்சர், எங்க பிள்ளையும் அங்க போக முடியுமா?" மற்ற பள்ளி ஆசிரியர்களும் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

'காப்' என்கிறார்களே, அது என்ன மாநாடு?

1992-ல் ரியோ டி ஜெனிரோவில் புவி உச்சி மாநாடு நடந்தபோது, காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. அதில் சேர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் கூடிப் பேசுவதுதான் காப். முதல் கூட்டம் 1995-ல் பெர்லினில். பாரிஸ் ஒப்பந்தம் பிறந்த 2015-ஆம் ஆண்டுக் கூட்டம் 21-வது. கொரோனாவால் 2020-ல் கூடவில்லை. 2021-ல் கிளாஸ்கோவில் 26-வது, 2023-ல் துபாயில் 28-வது, 2025-ல் பிரேசிலின் பெலெம் நகரில் 30-வது.

வெளியிலிருந்து பார்த்தால் தேர்த்திருவிழா மாதிரிதான் தெரியும். துபாய்க்கு 80,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆனால் உண்மையான வேலை நடப்பது சின்னச் சின்ன அறைகளில். ஒரு பத்தியில் 'வேண்டும்' என்று எழுதுவதா, 'முயல வேண்டும்' என்று எழுதுவதா என்று விடிய விடியப் பேசுவார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேடையும் கைதட்டலும் அங்கே கொஞ்ச நேரம்தான்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். நேராகப் பெயர் பதியலாமா?

முடியாது. பெரியவர்களுக்கும் இதே பதில்தான். தனி ஆளாக யாரும் பதிய முடியாத மாநாடு இது. உள்ளே போக மூன்று வாசல்கள்தான்: ஏதாவது ஒரு நாட்டின் அரசுக் குழுவில் ஒருவராகப் போகலாம், பத்திரிகையாளராகப் போகலாம், அல்லது ஐநா 'பார்வையாளர்' என்று ஏற்றுக்கொண்ட அமைப்பு ஒன்று தனக்குக் கிடைத்த இடங்களில் ஒன்றை உங்களுக்குத் தரலாம். பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது மூன்றாவது வாசல் வழியாக.

18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், கூடவே பொறுப்பான பெரியவர் ஒருவரும் வர வேண்டும். அந்தப் பெரியவருக்கும் ஓர் இடம் தேவை. அதாவது ஒரு குழந்தை போனால் இரண்டு இடம் போய்விடும். ஓர் அமைப்புக்குக் கிடைப்பதே விரல் விட்டு எண்ணுகிற அளவு. அதனால்தான் பல அமைப்புகள் பள்ளிப் பிள்ளைகள் என்றதும் தயங்குகின்றன. இதில் வன்மம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு.

அப்புறம் பாஸ்போர்ட். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுக்குத்தான் செல்லும், விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் கேட்பார்கள். அழைப்பு வந்தபின் இதற்கு ஓட ஆரம்பித்தால் மாநாடு முடிந்து நன்றியுரையும் முடிந்திருக்கும்.

சரி, திருவண்ணாமலைப் பெண் எப்படிப் போனார்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பதிலில் பாதியைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள்.

தொடக்கம் கிளாஸ்கோ இல்லை. தெருவில் ஒரு இஸ்திரி வண்டி. துணி தேய்த்து முடித்தவர் எரிந்த கரியைத் தரையில் கொட்டுவதை வினிஷா பார்க்கிறார். ஒரு தெருவில் ஒரு வண்டிக்கு இவ்வளவு கரி என்றால் ஊருக்கு எவ்வளவு, நாட்டுக்கு எவ்வளவு என்று யோசனை ஓடுகிறது. கரிப்புகை தேய்ப்பவரின் நுரையீரலுக்குத்தான் முதலில் போகிறது என்பதும் உறைக்கிறது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வண்டியின் கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி, கரிப்பெட்டிக்குப் பதில் மின்சார இஸ்திரிப் பெட்டி என்று ஒரு மிதிவண்டி வண்டியை வரைகிறார். ஐந்து மணி நேர நல்ல வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அதன் கணக்கு. வண்டியிலேயே செல்போன் சார்ஜ் போட்டுக்கொடுத்துக் கூடுதலாக நாலு காசு பார்க்கவும் வழி வைத்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான். காற்றை மட்டும் யோசிக்காமல் தேய்க்கிறவரின் வருமானத்தையும் யோசித்திருக்கிறார்.

பள்ளி மாணவர்களின் புதுமை யோசனைகளுக்காக அப்துல் கலாம் பெயரில் தரப்படும் 'இக்னைட்' விருது 2019-ல் கிடைத்தது. அதை நடத்தும் குஜராத்தைச் சேர்ந்த தேசியப் புத்தாக்க அமைப்பின் பொறியாளர்கள் மாதிரி வண்டியைச் செய்ய உதவினார்கள். 2020-ல் ஸ்வீடன் நாட்டின் சிறார் காலநிலைப் பரிசு. 2021-ல் பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசுக்கு இறுதிச் சுற்று வந்த 15 பேரில் ஒருவர். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 'நம் காற்றைத் தூய்மையாக்குவோம்' என்ற அவருடைய பிரிவில் வென்றதும் இந்தியர்தான், பயிர்க்கழிவை எரிக்காமல் பயன்படுத்தும் கருவியைச் செய்த டெல்லி வித்யுத் மோகன். ஆனாலும் வில்லியம் அழைத்ததால் 2021 நவம்பர் 2 அன்று, தூய தொழில்நுட்பம் பற்றிய அமர்வில், மோடி உள்ளிட்ட தலைவர்கள் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் வினிஷா பேசினார். அப்போது அவர் பத்தாம் வகுப்பு மாணவி.

கரிக் குப்பையிலிருந்து கிளாஸ்கோ மேடைக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் 'நான் காப் மாநாட்டுக்குப் போக வேண்டும்' என்று தொடங்கவில்லை. அதனால், "எங்கே அப்ளிகேஷன் போடணும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தெருவில் என்ன பார்த்தாள் உங்கள் மகள்?

முதன்முதலில் இப்படிப் பேசிய குழந்தை கிரெட்டா தானே?

இல்லை. ஸ்வீடனின் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க் பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பே ஒரு சிறுமி இந்த வேலையைச் செய்துவிட்டாள்.

கனடாவின் வான்கூவர் நகரத்துப் பிள்ளை செவர்ன் சுசூகி. ஒன்பது வயதில் தோழிகளோடு சேர்ந்து பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றைத் தொடங்கினாள். 1992 ஜூனில் ரியோ மாநாடு என்று தெரிந்ததும், போவதற்கான பணத்தைத் தாங்களே திரட்டினார்கள். அப்பா டேவிட் சுசூகி கனடாவில் பெயர்பெற்ற அறிவியலாளர், தொலைக்காட்சி முகம். அந்தச் செல்வாக்கு உதவவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் போனவுடன் மேடை கிடைத்துவிடவில்லை. அரசு சாரா அமைப்புகளின் கூடலில் மற்றவர்களைப் போல இவர்களும் கடை விரித்து, வருகிற போகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசும் வாய்ப்பு கடைசி நேரத்தில்தான் வந்தது. பன்னிரண்டு வயதுச் செவர்ன் சுமார் ஆறு நிமிடம் பேசினாள். அரங்கம் அசையாமல் கேட்டது.

அந்தப் பேச்சின் பலம் எங்கே என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். உலக வெப்பநிலை எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதில் கிடையாது. அப்பாவோடு மீன் பிடிக்கப் போவேன், பிறகு மீன்களில் புற்றுக்கட்டிகள் இருப்பது தெரிந்தது என்கிறாள். ரியோவின் தெருப்பிள்ளைகளோடு பேசியதைச் சொல்கிறாள். தான் பணக்காரனாக இருந்தால் மற்ற தெருப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தருவேன் என்று அவர்களில் ஒரு பிள்ளை சொன்னதைச் சொல்லிவிட்டு, எல்லாம் வைத்திருக்கிற நாம் ஏன் இன்னும் பேராசைப்படுகிறோம் என்று கேட்கிறாள். சரிசெய்யத் தெரியாததை உடைக்காதீர்கள் என்கிறாள். எல்லாமே அவள் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

கிரெட்டா வந்தது 2018-ல். அந்த ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்ற வாசலில் பள்ளியைப் புறக்கணித்து உட்கார்ந்தார், டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சேயில் நடந்த மாநாட்டில் பேசினார். வயது 15.

நீல மண்டலம், பசுமை மண்டலம் என்கிறார்களே?

நீல மண்டலம் ஐநாவின் கட்டுப்பாட்டில் இருப்பது. பேச்சுவார்த்தை, தலைவர்கள், அடையாள அட்டை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் அங்கே. பசுமை மண்டலம் நடத்துகிற நாடு பொதுமக்களுக்காக ஏற்பாடு செய்வது, கண்காட்சி, கலைநிகழ்ச்சி, பட்டறை மாதிரி. கிளாஸ்கோவில் கிளைடு ஆற்றின் ஒரு கரையில் நீலம், மறுகரையில் உள்ள அறிவியல் மையத்தில் பசுமை. "மாநாட்டில் கலந்துகொண்டோம்" என்று பள்ளிகள் போடும் படங்களில் பல பசுமை மண்டலத்தில் எடுத்தவை. அதில் தவறில்லை. படத்துக்குக் கீழே அதையும் எழுதிவிட்டால் சரி.

பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு உண்டா?

கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அங்கே யாரும் ஓட்டுப் போடுவதில்லை. வாக்கெடுப்பு விதியில் நாடுகளுக்குள் ஒப்புதல் வராததால், நடைமுறை விதிகள் இன்னும் வரைவாகவே கிடக்கின்றன. எல்லா முடிவும் ஒருமித்த கருத்தில்தான். ஒரு பெரிய நாடு முறைத்தால் போதும், வாக்கியம் மாறிவிடும்.

'இளைஞர்' என்று சொல்வதில் பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்தியா?

காகிதத்தில் சேர்த்திதான். நடப்பில் சிக்கல் இருக்கிறது.

பார்வையாளர்களை ஒன்பது பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: தொழில்துறை, சுற்றுச்சூழல் அமைப்புகள், விவசாயிகள், பழங்குடியினர், உள்ளாட்சிகள், ஆய்வாளர்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள், கடைசியாகக் குழந்தைகளும் இளைஞர்களும். இந்தக் கடைசிப் பிரிவுக்கு 'யங்கோ' என்று பெயர். 2009-ல் தற்காலிகமாக ஏற்கப்பட்டு 2011-ல் முழு அங்கீகாரம் பெற்றது. மாநாட்டுக்கு முன் நடக்கும் உலக இளைஞர் கூடலில் பிள்ளைகளின் கோரிக்கைகள் தொகுக்கப்பட்டு மேசைக்குப் போவது இதன் வழியாகத்தான். பெரிய அமர்வுகளில் நேரம் மிஞ்சினால் யங்கோவுக்கும் ஓரிரு நிமிடம் கிடைக்கும்.

ஆனால் இதில் 35 வயது வரை இருக்கலாம். சட்டமும் பொருளாதாரமும் முதுகலை வரை படித்த முப்பது வயதுக்காரரும், பையில் டிபன் பாக்ஸோடு வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே மேசையில். யார் குரல் எழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பிள்ளையை அனுப்பும்போது, அந்தப் பிரிவின் கூட்டங்களில் அவளுக்குப் பேச இடம் வாங்கித் தரக்கூடிய ஒருவர் கூட இருக்கிறாரா என்று பாருங்கள். விமான டிக்கெட்டைவிட அது முக்கியம்.

தமிழில் பேசலாமா?

ஐநாவின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். மொழிபெயர்ப்பு பெரிய அமர்வுகளுக்குத்தான், சின்ன அறைகளில் எல்லாமே ஆங்கிலம். ஒரு நாட்டின் பிரதிநிதி வேறு மொழியில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பை அந்த நாடே ஏற்பாடு செய்துகொள்ள விதி இடம் தருகிறது. பார்வையாளர் பிள்ளைகளுக்கு நடைமுறையில் ஆங்கிலம்தான். ஆனால் பேச்சைத் தமிழில் யோசித்துத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். நேரே ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் 'நம் பூமித்தாய்' என்று தொடங்கி 'நாளைய உலகம் நம் கையில்' என்று முடித்துவிடுகிறார்கள். தமிழில் எழுதினால் ஊர்க் கண்மாயும் பாட்டியும் தானாக வந்துவிடுகிறார்கள்.

"உங்கள் மகன் தேர்வாகியிருக்கிறான், பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்பலாமா?

ஒரு அப்பா இப்படி வந்த கடிதத்தை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். வெளிநாட்டு நகரம் ஒன்றில் மூன்று நாள், 'இளம் உலகத் தலைவர்' பட்டம், தங்குமிடம் உட்பட ஒன்றரை லட்சம் ரூபாய், ஐந்து நாளுக்குள் கட்டினால் தள்ளுபடி. நடக்கிற இடம் ஒரு ஓட்டல். நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார் அவர். பையன் எதற்காகத் தேர்வானான் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பையனுக்கும்தான்.

ஐநா காலநிலை மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. பயணம், விசா, தங்குவது, சாப்பாடு இவைதான் செலவு. மாநாடு நடக்கும் ஊரில் ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறும் என்பது உண்மை. நல்ல அமைப்புகள் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குச் செலவைத் தாங்களே ஏற்பதும் உண்டு. 'தேர்வுக் கட்டணம்', 'பிரதிநிதிக் கட்டணம்' என்று யாராவது கேட்டால் அது வேறு கடை. போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், ஆசையும் வசதியும் இருந்தால். ஐநா மாநாடு என்று மட்டும் ஊரில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மேடையில் ஏறி ஓடிய மணிப்பூர்ச் சிறுமிக்கு என்ன ஆயிற்று? நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகுமா?

லிசிப்ரியா கங்குஜம். 2019-ல் மாட்ரிட் மாநாட்டில் பேசியபோது அவருக்கு எட்டு வயது. 2023 டிசம்பர் 11 அன்று துபாயில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு முடிவு கட்டுங்கள் என்ற பதாகையைத் தலைக்கு மேல் பிடித்தபடி மேடைக்கு ஓடினார். கூட்டம் கைதட்டியது. மேடையில் இருந்த மாநாட்டு அதிகாரியே பாராட்டினார். பிறகு தன்னை அரை மணி நேரம் பிடித்து வைத்து, அடையாள அட்டையைப் பறித்து வெளியேற்றிவிட்டதாக லிசிப்ரியா சொன்னார். அவர் போயிருந்தது கிழக்குத் திமோர் நாட்டின் சிறப்புத் தூதராக.

நீல மண்டலத்தில் போராட்டம் நடத்தவும் முன் அனுமதி வாங்கி, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் நிற்க வேண்டும். அதை மீறினால் வயது பார்க்க மாட்டார்கள். துணிச்சல் பிடித்தால் பிள்ளையிடமும், கூட வரும் பெரியவரிடமும் இந்த விதிகளைப் பேசிவிட்டு முடிவெடுங்கள். நான் சொல்வது அவ்வளவுதான். செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலநிலையைக் காப்பாற்ற விமானத்தில் பறப்பது முரண் இல்லையா?

முரண்தான். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வரும் ஒருவர் பங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு சேரும். சராசரி இந்தியர் ஓராண்டு முழுவதும் வெளியிடுவதே சுமார் 2 டன்தான். கிரெட்டா 2019-ல் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போனார். அந்த ஆண்டு மாநாடு சிலியிலிருந்து மாட்ரிடுக்கு மாறிவிட, மறுபடி படகு தேடி லிஸ்பன் திரும்பினார். நமக்கு அந்த வழி இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதற்கு எனக்குச் சொன்ன பதில்: "அந்த ஒரு டன்னுக்கு வேலை செஞ்சிட்டு வந்தா போதும் மிஸ்." நியாயமாகத்தான் பட்டது.

பிள்ளைகள் பேசி இதுவரை என்ன ஆயிற்று? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நேர்மையாகச் சொன்னால், புகை குறையவில்லை. செவர்ன் பேசிய 1992-ல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 2,200 கோடி டன். 2023-ல் சுமார் 3,700 கோடி டன். அந்தக் காணொளியைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் ஏராளம், கண்ணீருக்கும் கணக்குக்கும் தொடர்பு இல்லை.

ஆனால் வேறொரு பக்கம் மெதுவாக நகர்ந்திருக்கிறது. பேச்சைவிட விண்ணப்பமும் வழக்கும் அங்கே வேலை செய்திருக்கின்றன.

2019 செப்டம்பரில் 12 நாடுகளைச் சேர்ந்த 16 பிள்ளைகள் ஐநாவின் குழந்தை உரிமைக் குழுவிடம் ஒரு புகார் கொடுத்தார்கள். கிரெட்டா அதில் ஒருவர். ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே இன்னொருவர். ஒன்பது வயதிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டவர் அவர். அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய ஐந்து நாடுகள் மேல் புகார். ஏன் அந்த ஐந்து, அமெரிக்காவும் சீனாவும் இந்தியாவும் எங்கே என்று கேட்பீர்கள். பிள்ளைகள் நேரடியாகப் புகார் கொடுக்கலாம் என்ற துணை ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகள் மேல்தான் புகார் கொடுக்க முடியும். இந்தியா அதை ஏற்கவில்லை. 2021 அக்டோபரில் குழு, முதலில் உங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்குப் போங்கள் என்று புகாரைத் திருப்பி அனுப்பியது. தோல்விதான். ஆனால் அதே முடிவில், ஒரு நாடு வெளியிடும் புகை எல்லைக்கு அப்பால் உள்ள குழந்தையைப் பாதித்தால் அந்த நாடு பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டது. அதற்கு முன் அந்தக் குழு அப்படிச் சொன்னதில்லை.

2023 ஆகஸ்டில் அதே குழு, குழந்தை உரிமையும் சுற்றுச்சூழலும் பற்றி 26-வது பொதுக் கருத்துரையை, அதாவது நாடுகளுக்கான வழிகாட்டியை, வெளியிட்டது. அதற்காக 121 நாடுகளிலிருந்து 16,331 சிறுவர் கருத்துகள் வாங்கப்பட்டன. பன்னிரண்டு பிள்ளைகள் ஆலோசகர்களாகவே இருந்தார்கள். அவர்களில் யாரும் இதற்காக காப் மேடையில் ஏற வேண்டியிருக்கவில்லை.

பள்ளி தாண்டிய வயதுதான் என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் பசிபிக் தீவுகளின் 27 சட்ட மாணவர்கள் வகுப்பில் கிளப்பிய யோசனையை வனுவாட்டு என்ற தீவு நாட்டின் அரசு கையில் எடுத்தது. அது ஐநா பொதுச்சபை வழியாக சர்வதேச நீதிமன்றம் வரை போய், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்து வந்தது. ஆறு வருடம்.

பெரியவர்கள் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறார்கள் என்கிறார்களே?

பல இடங்களில் உண்மை. பிள்ளைகளின் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃபுக்காக எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்கிறார்: பிள்ளையைக் கருவியாக்குவது, அலங்காரமாக வைப்பது, மூன்றாவது நம் ஊர் விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்கிறோமே, அது. ஆட்டத்தில் இருப்பான், அவனால் ஆட்டத்தில் எதுவும் மாறாது.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. பேச்சை யார் எழுதினார்கள்? பேசி முடித்ததும் கேள்வி கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடியுமா? "வேண்டாம், எனக்குப் போகப் பிடிக்கவில்லை" என்று அவள் சொன்னால் வீட்டில் கேட்பார்களா? மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

பாராட்டிலும் ஆபத்து இருக்கிறது. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் ஃபிங்க்பைனர் 2007-ல் ஒன்பது வயதில் மரம் நடும் இயக்கம் தொடங்கி, 2011-ல் ஐநாவில் பேசினார். அமைப்பு பெரிதாக வளர்ந்தபின், நட்ட மரங்களின் எண்ணிக்கை சரிதானா என்று ஜெர்மன் பத்திரிகைகளில் கேள்விகள் எழுந்தன. பெரியவர்களின் உலகத்துக் கணக்கு வழக்கு வந்து சேரும்போது, பதில் சொல்ல வேண்டியவனாக நிற்பது அந்தப் பிள்ளைதான். இணையத்தில் வரும் வசைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? மகளின் கணக்கை மாநாட்டு வாரத்தில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு நிமிடப் பேச்சுக்கு எப்படித் தயார் செய்வது?

இரண்டு நிமிடம் என்றால் தமிழில் ஏறக்குறைய 200 சொற்கள். வணக்கமும் நன்றியும் 20 சொல் தின்றுவிடும். மிச்சத்தில் ஒரு காட்சி, ஓர் எண், ஒரு கோரிக்கை. எண் அவள் தானே அளந்ததாக இருக்கட்டும், பள்ளிக் கிணற்றின் நீர்மட்டம் ஆகட்டும், தெருவில் ஒரு வாரம் சேர்ந்த கரியின் எடை ஆகட்டும். கோரிக்கை, அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரால் செய்ய முடிந்ததாக இருக்கட்டும். 'உலகைக் காப்பாற்றுங்கள்' என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

மாநாடு பரீட்சை நேரத்தில் வருகிறதே?

வழக்கமாக நவம்பர், சில ஆண்டு டிசம்பர் நடு வரை. அரையாண்டுத் தேர்வோடு மோதும். தலைமையாசிரியரிடம் ஜூனிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் என்றால் அவர்களிடமே கேளுங்கள்.

போக வாய்ப்பே இல்லை. அப்புறம் என்ன செய்வது?

எங்கள் மன்றத்தில் இதுவரை யாரும் போனதில்லை. ஆனால் உலகத்தின் கணக்கேட்டில் எங்கள் பிள்ளைகளின் வரிகள் இருக்கின்றன.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'இ-பேர்டு' தளத்தில் ஏற்றினால் அது உலக ஆய்வாளர்கள் எல்லோரும் எடுத்தாளும் தரவுக்குள் போய்ச் சேரும். 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காய் எப்படி இருக்கிறது என்று குறிக்கலாம். பருவம் முன்னே பின்னே நகர்வதை இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் இப்படிப் பதிந்துகொண்டிருக்கிறார்கள். 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. நம் மாநிலத்தில் அதைப் பல ஆண்டுகள் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தியது. ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து, மாவட்டம், மாநிலம் என்று மேலே போகலாம். பேசுவது தமிழிலேயே.

எங்கள் பள்ளி வாசல் புங்கமரத்தை இப்போது ஏழாம் வகுப்பு பார்த்துக்கொள்கிறது. திங்கள்கிழமை காலை, வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன், நோட்டோடு இரண்டு பேர் மரத்தடியில் நிற்பார்கள். யார் நோட்டைப் பிடிப்பது என்பதில் சண்டை வரும்.